தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட்: எப்போது தூண்டில் போடலாம், எப்போது கூடாது?

கடல்தூண்டில்
அக்டோபர் முதல் வாரம் நாலு பேராக இமாச்சல், தீர்த்தன் பள்ளத்தாக்கு போகிறோம். குஷைனியில் மூன்று இரவு. எல்லாருக்கும் கடலிலும் முகத்துவாரத்திலும் போட்ட பழக்கம்தான், குளிர்நீர் ஆறு புதுசு. கையில் இருப்பது ஏழடி அல்ட்ராலைட் ராடு, 2500 ரீல், 0.28 மி.மீ. தங்கூஸ் நரம்பு, 5 முதல் 10 கிராம் ஸ்பின்னர்கள் (தகடு சுழலும் போலி இரை). பிடிப்பதை விட்டுவிடத்தான் எண்ணம். ஆற்று நிலவரத்தை எப்படிக் கணிப்பது, சாமானில் எதை மாற்றணும், விதிமுறை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுழிக்காரன்
தேதி நல்ல தேதி. இமாச்சலில் ட்ரவுட் (குளிர்நீர் மலையாற்று மீன்) ஆறுகள் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மூடியிருக்கும். திறந்திருக்கும் எட்டு மாதமும் ஒரே மாதிரி இல்லை. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தெளிவு, ஆனால் கடுங்குளிர், மீன் மந்தம். மே, ஜூனில் மேலே பனி உருகி ஆறு பெருகும். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை மழைக் கலங்கல். அது வடிந்து அக்டோபர் முடிவதற்குள் கிடைக்கும் சுமார் ஆறு வாரம்தான் நீர் இறங்கி, தெளிந்து, மீனும் குளிர்காலத்துக்கு முன்னால் தின்று தேறும் நேரம்.

சாமான் விஷயம். 0.28 தங்கூஸ் அந்தத் தண்ணீருக்குத் தடிமன், மீன் பார்த்துவிடும். 0.18 அல்லது 0.20 போதும். அதற்காக 0.12, 0.14 என்று இறங்கிவிடாதீர்கள். நரம்பு மெலிந்தால் மீனை அழுத்தி இழுக்க முடியாது, அறுந்துவிடும் என்று பயந்து பத்து நிமிஷம் ஓடவிடுவீர்கள். கரைக்கு வரும்போது அது அரை உயிராக இருக்கும். விட்டாலும் பிழைக்காது. ஸ்பின்னர் 3 முதல் 6 கிராம் வரை எடுத்துக்கொள்ளுங்கள், 10 கிராம் பாறைச் சந்தில் போய்த்தான் உட்காரும்.

ஸ்பின்னரோடு வரும் மூன்றுமுள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். எதிர்முள்ளை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்) நசுக்கிவிடுங்கள். குறட்டின் வாய் முள்ளின் நுனிக்கு நேர்வாட்டில் இருக்கணும். குறுக்கே பிடித்து நசுக்கினால் நுனியே ஒடியும். நசுங்கியதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய பருத்தித் துணியில் முள்ளைக் குத்தி, வந்த வழியே திரும்ப எடுங்கள். ஒரு நூல்கூட இழுபடாமல் வந்தால் சரி. இழுபட்டால் இன்னும் மேடு இருக்கிறது, மறுபடியும் ஒரு அழுத்து. ஸ்டெயின்லெஸ் முள் வேண்டாம், காரணம் பின்னால் யாராவது கேட்பீர்கள்.

அனுமதிச் சீட்டு மாநில மீன்வளத் துறை தருவது, நாள் கணக்கு. விடுதிக்காரர் வாங்கி வைப்பதாகச் சொன்னாலும் உங்கள் பெயர், தேதி, ஆற்றுப் பகுதி மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளக்கூடிய மீனின் அளவு, எண்ணிக்கை, எந்த இரைக்கு அனுமதி என்பதையும் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு நாலு சீட்டு.

குஷைனிக்கு மேலே நடந்தால் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் எல்லை வரும் (2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது). உள்ளே தூண்டில் கிடையாது. ராடைக் கையில் எடுத்துக்கொண்டு நடைப்பயணம் போய்விட்டு, "சும்மா கொண்டு வந்தோம்" என்று காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஊட்டிக்குளிர்
சுழிக்காரன் அண்ணா சொன்னதோடு ஒரு வெப்பமானி. சமையலறை டிஜிட்டல் வெப்பமானி நீர் புகாததாக இருந்தால் போதும், கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கரையோரம் தேங்கிய தண்ணீரில் பார்க்கக்கூடாது. முழங்கால் ஆழத்தில், நிழலில், ஓட்டம் இருக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் படியுங்கள்.

5 டிகிரிக்குக் கீழே மீன் தரையோடு ஒட்டிக்கிடக்கும், இரையைத் துரத்தாது. 10 முதல் 16 வரை நன்றாகத் தின்னும். 18 வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு மீன் பிடித்தால் போதும் என்று இருங்கள். 20 ஆனால் ராடைச் சுருட்டிவிடணும்.

காரணம் ஆக்ஸிஜன். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்துவைக்கும், 20 டிகிரியில் 9.1. குஷைனி கிட்டத்தட்ட 1600 மீட்டர் உயரம், காற்றழுத்தமே குறைவு; அதே கணக்கு அங்கே 9.3, 7.5 என்று இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. அந்த நேரத்தில் அதைப் போராடவைத்தால் நீந்திப் போகிறது போலத்தான் தெரியும், மடுவுக்குள் போய்ச் சாகும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் பொதுவாக மூன்று நாள் தொடர்ந்து ஆறு 73 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது 22.8 டிகிரி, மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடியை நிறுத்திவைக்கிறார்கள். அது அரசாங்கத்தின் கடைசிக் கோடு, நம்முடைய கோடு அதற்கு முன்னாலேயே இருக்கணும்.

அக்டோபரில் தீர்த்தனில் 20 வராது. ஆனால் இந்த இழையை ஏப்ரலில் நீலகிரிக்காரர் யாராவது படிப்பார். இங்கே அவலாஞ்சியில் 1907 வாக்கில் ஹெச்.சி. வில்சன் பொரிப்பகம் தொடங்கியதிலிருந்து ரெயின்போ ட்ரவுட் இருக்கிறது. நம்முடையது பதினோராவது அட்சரேகை. மலை உயரத்தை நம்பித்தான் அந்த மீன் உயிரோடு இருக்கிறது, ஓடை சுருங்கிய கோடைப் பிற்பகலில் அதைத் தொடவே கூடாது.

கடல்தூண்டில்
நன்றி அண்ணா. காலையா மாலையா? கடலில் ஓதம் பார்ப்போம், இங்கே எதைப் பார்ப்பது?

சுழிக்காரன்
மாதத்தைப் பொறுத்து மாறும். மார்ச், ஏப்ரலில் காலை எட்டு மணிக்குப் போய் நடுங்குவதில் பயனில்லை, பதினொன்றிலிருந்து மூன்று வரை தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறும், அப்போதுதான் பூச்சியும் கிளம்பும், மீனும் வாய் திறக்கும். மே, ஜூனில் நேர் எதிர். உச்சிவெயிலில் மேலே உருகிய பனி மாலையில்தான் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். ஆகவே விடிகாலையில் ஆறு குறைந்தும் தெளிந்தும் இருக்கும், நாலு மணிக்குச் சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் அக்டோபரில் இந்தத் தொல்லை கிடையாது. ஒன்பதரை மணிக்கு இறங்கி, மலை நிழல் ஆற்றில் விழும்வரை போடலாம்.

கலங்கலைக் கணிக்க: முழங்கால் ஆழத்தில் நின்று காலணி நுனி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் நிம்ஃபும் (நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டிய போலி இரை) சின்ன ஸ்பின்னரும் எடுபடும். முழங்காலில் தெரியாமல் கணுக்கால் ஆழத்தில் மட்டும் தெரிந்தால் கரையோரப் பாறைப் பின்சுழிகளில் மட்டும் போடுங்கள், மீன் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். கணுக்காலிலும் தெரியவில்லை என்றால் டீக்கடை.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கித்தான் நிற்கும். ஆகவே கீழேயிருந்து மேலே ஏறிப் போங்கள், அதன் முதுகுப் பக்கம் வருவீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. பெரிய பாறைக்குப் பின்னால் வேக நீரும் மெதுநீரும் உரசும் கோடு இருக்கும், அந்தக் கோட்டில்தான் மீன். ஆறு, எட்டு மீட்டர் எறிந்தால் போதும். கடல் வீச்சு வேண்டாம். மேல்நோக்கி எறிந்து, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் தகடு சுழலும். அதைவிட மெதுவானால் தரையில் மாட்டும்.

ஃப்ளை (போலிப் பூச்சி) ராடு வைத்திருப்பவர்களுக்கு: ஒன்பதடி, 5 எடை நரம்புக்கானது. டிப்பெட் (நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் தடிமன், முள் 12 முதல் 16 வரை எண்ணுள்ள நிம்ஃப். தரையைத் தொட்டுத் தொட்டு வரணும், நடுநீரில் மிதந்து வந்தால் மீன் ஏறிட்டும் பார்க்காது.

மலைமுகடு
ஆற்றுப் பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. மேலே மழை பெய்தால் குஷைனியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். பார்க்க வேண்டியவை: இலை, சுள்ளி திடீரென்று மிதந்து வருவது, தண்ணீர் நிறம் மாறுவது, அடியில் கல் உருளும் சத்தம். இதில் ஒன்று கண்டாலும் கரையேறுங்கள். அடுத்த கரைக்கு அல்ல, ஊர் இருக்கும் கரைக்கு.

எல்லாவற்றையும்விட மோசமான அறிகுறி, மழை நேரத்தில் ஆறு திடீரென்று *குறைவது*. "நல்லதாப் போச்சு, தண்ணி வடியுது" என்று நடுப்பாறைக்குப் போவார்கள். மேலே மண்சரிவு ஆற்றை அடைத்திருக்கலாம். அது உடைந்தால் மொத்தமாக வரும்.

தீர்த்தன் கீழே லார்ஜிப் பக்கம் பியாஸ் ஆற்றில் சேர்கிறது. அங்கே அணை. அணைக்குக் கீழே தூண்டில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்த நீரில், கீழே பியாஸில் நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். படுகை வறண்டு, பாறைகள் நடக்கத் தோதாகத் தெரியும் இடம் அது. அதுதான் ஆபத்து.

அலைகரை
ஒரு அடிப்படைக் கேள்வி. ட்ரவுட் நம்ம ஊர் மீனே இல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. அதைப் பிடித்து, பூப்போல ஏந்தி, திரும்ப விடுவதில் என்ன பொறுப்பு இருக்கிறது? பிடித்துச் சாப்பிடுவதுதானே ஆற்றுக்கு நல்லது?

ஊட்டிக்குளிர்
நியாயமான கேள்வி. வெளியிலிருந்து வந்தது உண்மை, குல்லுவில் 1909இல் ஹோவெல் என்ற அதிகாரி காலத்தில் பொரிப்பகம் வந்தது. சொந்த மீன் ஸ்னோ ட்ரவுட், அதாவது சிசோதோராக்ஸ். பெயரில்தான் ட்ரவுட், உண்மையில் கெண்டைக் குடும்பம். வெளியிலிருந்து வந்த பிரவுன் ட்ரவுட் அதன் குஞ்சைத் தின்னும் என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் நாலு பேர் தூண்டிலில் தின்று பிரவுன் ட்ரவுட்டை ஒழித்துவிட முடியாது, ஒழிப்பது உங்கள் வேலையும் இல்லை. சட்டம் அதற்கு மூடுகாலமும் அளவும் வைத்திருக்கிறது. அந்த அளவுக்குள் சாப்பிடுவதற்கு எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், ஒரு மீனை எடுத்துத் தின்பவர், முப்பது மீனைப் பிடித்து அலட்சியமாக விட்டவரைவிட ஆற்றுக்குக் குறைவாகவே கெடுதல் செய்கிறார். விட்டால் முழுசாக விடு, எடுத்தால் சுத்தமாக எடு.

ஸ்னோ ட்ரவுட் மாட்டினால் அதை விட்டுவிடுங்கள். அடையாளம்: வாய் கீழ்ப்பக்கம், ஓரத்தில் மீசை, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. ட்ரவுட்டுக்கு அந்த இடத்தில் சதையாலான குட்டித் துடுப்பு ஒன்று இருக்கும், மீசை கிடையாது. பிரவுனில் கறுப்பு, சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி வெளிர் வளையம். ரெயின்போவில் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, வால் முழுக்கப் பொடிப்புள்ளி.

அலைகரை
சரி, ஏற்கிறேன். முப்பது மீன் கணக்கு யோசிக்கவைக்கிறது.

தேம்ஸ்கரை
வணக்கம், நான் பிரித்தானியாவில இருந்து. சப்பாத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. வாடகைக்குத் தாற வேடர்ஸ் (ஆற்றுக்க இறங்கப் போடுற, தண்ணி புகாத நீளக் காற்சட்டை) சப்பாத்தில அடிப்பாகம் கம்பளித் துணி மாதிரி இருந்தா வாங்காதேங்கோ. பாசிப் பாறையில நல்லாப் பிடிக்கும் எண்டது உண்மை. ஆனா அந்தத் துணிக்குள்ள ஈரம் நாள்க்கணக்கா நிக்கும், ஒரு ஆற்றின்ர பாசியும் நோய்க்கிருமியும் அடுத்த ஆற்றுக்குப் போகும். நியூசிலாந்தில டிடிமோ எண்ட பாசி 2004இல கண்டுபிடிபட்டது, 2008இல துணி அடிச் சப்பாத்தையே தடை செய்துபோட்டினம். ரப்பர் அடியில உலோகக் குமிழ் வைச்சது நல்லது.

இங்க எங்களுக்கு மூன்று சொல்லுத்தான் பாடம்: பார், கழுவு, காயவை. வலை, சப்பாத்து, வேடர்ஸ் எல்லாத்தையும் அந்த ஆற்றங்கரையிலயே மண் போகக் கழுவி, பிறகு முழுசாக் காய விடவேணும். தொட்டா காய்ஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் இன்னும் இரண்டு நாள். பார்வதி ஆற்றிலயோ பியாஸிலயோ நிண்டிட்டு அடுத்த நாள் தீர்த்தன் போறவை இதைக் கவனிக்கவேணும்.

கடல்தூண்டில்
வேடர்ஸ் வாடகைக்கு எடுக்கத்தான் இருந்தோம், கேட்டு வாங்குகிறோம். இப்போது முக்கியமானது: மீன் கைக்கு வந்த பிறகு சரியாக என்ன செய்யணும்? வரிசையாக எழுதினால் அச்சடித்துக்கொண்டு போவோம்.

சுழிக்காரன்
மீன் மாட்டுவதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்கணும். ஃபோர்செப்ஸ் (முள் கழற்றும் இடுக்கி) சட்டையில் தொங்கணும், பைக்குள் அல்ல. படம் எடுப்பவர் கேமராவைத் தயாராக வைத்திருக்கணும். வலை ரப்பர் கண்ணியாக இருக்கட்டும்; முடிச்சுப்போட்ட நைலான் வலை மீனின் மேல் இருக்கும் வழவழப்பைச் சுரண்டிவிடும், துடுப்பைக் கிழிக்கும். அந்த வழவழப்புதான் அதற்குத் தோல்நோய் வராமல் காக்கிறது.

மாட்டியதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தி இழுங்கள். முப்பது சென்டிமீட்டர் மீனுக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகக்கூடாது. மெதுநீருக்குக் கொண்டுவந்து, தலை முதலில் வலைக்குள். வலை தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை நனையுங்கள், கையுறை போட்டிருந்தால் கழற்றிவிட்டு நனையுங்கள். மீனைத் தொடாமலே ஃபோர்செப்ஸால் முள்ளின் வளைவைப் பிடித்துத் திருப்பினால், எதிர்முள் இல்லாத முள் தானாகக் கழன்றுவரும். பெரும்பாலும் மீனைக் கையில் எடுக்கும் தேவையே வராது.

படம் வேண்டுமென்றால் ஒரு கை வால் அடியில், ஒரு கை முன்துடுப்புக்குக் கீழே. நெஞ்சை அழுத்தாதீர்கள், இதயம் அங்கேதான், செவுளுக்குப் பின்னால். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. தூக்கும்போது உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கணும். சொட்டு நிற்பதற்குள் தண்ணீருக்குள் போய்விடணும். பத்து விநாடி. கல்லின் மேலோ மணலிலோ போட்டு அளக்கிற, படமெடுக்கிற வேலை கூடாது.

பத்து விநாடி என்பதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில் ரெயின்போ ட்ரவுட்டுகளைக் களைக்கும்வரை விரட்டிவிட்டுப் பார்த்தார்கள். விரட்டப்பட்டு, காற்றுப் படாமல் இருந்தவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38. ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72. ஆற்றில் நீங்கள் அவ்வளவு நேரம் விரட்டமாட்டீர்கள், சாவும் அவ்வளவு இருக்காது. ஆனால் ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். தண்ணீரை விட்டு வந்ததும் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு அங்கேயே நின்றுவிடும்.

விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, மெதுநீரில் அப்படியே பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், வீடியோக்களில் எல்லாரும் செய்வது அது. பின்னால் இழுக்கும்போது செவுளில் நீர் தலைகீழாகப் போகிறது. அது தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை பொறுங்கள், தள்ளிவிட வேண்டாம்.

அலைகரை
முள்ளை விழுங்கிவிட்டால்?

சுழிக்காரன்
இழுக்காதீர்கள். முள் தெரியவில்லை என்றால் நரம்பை வாயோரம் வெட்டிவிட்டு மீனை விடுங்கள். சாதாரண எஃகு முள் நாளடைவில் அரித்துக் கழன்றுவிட வாய்ப்புண்டு, ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கும். மேலே சொன்ன காரணம் இதுதான். விழுங்குவது பெரும்பாலும் மண்புழுவில்தான் நடக்கும், ஓடும் ஸ்பின்னரிலோ ஃப்ளையிலோ உதட்டோரம் குத்தும். விடும் எண்ணம் இருப்பவர் புழு போடக்கூடாது. இரண்டும் ஒத்துவராது.

செவுளிலிருந்து ரத்தம் கொட்டினால் அந்த மீன் பிழைப்பது அரிது. விதி இடம்கொடுக்கும் அளவில் இருந்தால் அதையே அன்றைய சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுங்கள். தலையில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், கனமான கட்டையால் ஓங்கி ஒன்று; பிறகு செவுளை வெட்டி ரத்தம் வடிய விடுங்கள். பையில் போட்டு மூச்சுத்திணறிச் சாகவிடுவது கொடுமை, இறைச்சியும் கெடும். குடலை ஆற்றில் வீசாதீர்கள்.

ஊட்டிக்குளிர்
மார்ச்சில் போகிறவர்களுக்கு ஒன்று, பலரும் கவனிக்காதது. சீசன் திறந்துவிட்டது என்பதால் முட்டை எல்லாம் பொரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிரவுன் ட்ரவுட் நவம்பரில் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். பொரியும் நாள் தண்ணீர்ச் சூட்டைப் பொறுத்தது: சராசரி வெப்பநிலையை நாளால் பெருக்கினால் 400 முதல் 450க்குள் வரணும். 5 டிகிரித் தண்ணீர் என்றால் எண்பது, தொண்ணூறு நாள். பொரிந்த குஞ்சும் உடனே வெளியே வராது, வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருவைத் தின்றுகொண்டு இன்னும் பல வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். மார்ச் முழுக்க, ஏப்ரலிலும்கூட, உங்கள் காலடியில் உயிர் இருக்கலாம். ஒருவர் மிதித்துப் போனாலே போதும்.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், மடு முடிந்து நீர் ஆழம் குறைந்து வேகமெடுக்கும் இடத்தில் பாருங்கள். சுற்றிலும் கல் பாசி படிந்து கறுத்திருக்கும், நடுவில் ஒரு முட்டைவடிவத் திட்டு மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வெளுத்திருக்கும். மேல்புறம் சின்னப் பள்ளம், அதற்குக் கீழே மேடு. முட்டை இருப்பது மேட்டில். காலப்போக்கில் அந்த வெளுப்பு மங்கிவிடும் என்பதால் மார்ச்சில் மடுவின் வாலில் இருக்கும் சரளை எதிலும் இறங்காதீர்கள், பெரிய கல் மேலோ கரையிலோ நடங்கள்.

கடல்தூண்டில்
அக்டோபர் முதல் வாரத்தில் அந்தத் திட்டுகள் இருக்குமா?

ஊட்டிக்குளிர்
முதல் வாரத்தில் அநேகமாக இருக்காது, ஆனால் மீன் ஜோடி சேரத் தொடங்கலாம். ஆழமில்லாத சரளையில் பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடிப்பதைப் பார்த்தால், அந்த இடத்தை விட்டு இருபது மீட்டர் தள்ளிக் கரையோடு சுற்றிப் போங்கள். அந்த மீன் பசிக்காக இரையைக் கவ்வாது, கூட்டுக்கு முன்னால் வந்ததை விரட்டக் கவ்வும். அதைப் பிடித்ததைத் திறமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மலைமுகடு
வழி: பூந்தர் விமான நிலையம், அங்கிருந்து மணாலிப் பக்கம் போகாமல் கீழே அவுட் என்ற ஊர் வரை வந்து பஞ்சார் சாலையில் திரும்பணும். கண்ணாடி போலரைஸ்டு எடுத்துக்கொள்ளுங்கள், மீனைப் பார்க்கவும் வேண்டும், ஆழத்தைக் கணித்துக் கால் வைக்கவும் வேண்டும். வேடர்ஸ் போட்டால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டணும். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாது. இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டிய இடம் தீர்த்தனில் எதுவும் இல்லை.

கடல்தூண்டில்
குறித்துக்கொண்டேன்: 0.20 தங்கூஸ், 4 கிராம் ஸ்பின்னர், ஒற்றை முள், ரப்பர் வலை, வெப்பமானி. ஒற்றை முள்ளுக்கு எந்த எண்?

சுழிக்காரன்
4 கிராம் ஸ்பின்னருக்கு 6 அல்லது 8. கண் பெரிதாக இருக்கும் வகையாகப் பாருங்கள், இல்லையென்றால் வளையத்தில் நுழையாது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு டஜன் போதும், அதில் பாதி பாறைக்குப் போகும்.